கையைக் கட்டிக்கொண்ட மருமகள்

“அத்தை, முட்டியை மடக்குங்க. ஒண்ணு… ரெண்டு… எழுந்திருங்க!”

இடுப்பில் சுற்றியிருந்த பட்டையைப் பிடித்து மருமகள் தூக்க, அவள் தோளில் தொங்கியபடி மாமியார் கட்டிலை விட்டு எழுந்தாள். இருவரும் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைத் தெருவிலிருந்து யாராவது பார்த்திருந்தால், ‘மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையா!’ என்று கண் வைத்திருப்பார்கள். காதோடு காதாக நடந்த பேச்சு வேறு.

“மெதுவாடி! மூட்டையா தூக்குற?”

“மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு வரும் அத்தை.”

மாமியாருக்கு அந்த வட்டாரத்தில் டிக்கெட்டம்மா என்று பெயர். சினிமா தியேட்டரின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். வரிசையில் முண்டியடிக்கும் முரடர்களை ஒரே பார்வையில் பின்னால் அனுப்பிய அந்தக் கண்கள் இன்னும் அப்படியே இருந்தன. போனது இடது கையும் இடது காலும்தான். பக்கவாதம் வந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று முதியோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் வந்து பார்த்து, ‘இவருக்கு உதவி தேவை’ என்று எழுதிவிட்டால் பகல் முழுவதும் பயிற்சி பெற்ற ஒரு பணிப்பெண் வீட்டுக்கு வருவாள். சம்பளத்தை அலுவலகமே கொடுத்துவிடும். சொந்தக் காசில் ஆள் வைப்பதென்றால் மருமகளின் கணவர் கிடங்கில் வாங்குகிற சம்பளம் அப்படியே அந்த ஆள் கைக்குப் போய்விடும். குடும்பம் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

மருமகளுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் துணி வெட்டுபவள். அடுக்கி வைத்த துணியில் அவள் கத்தி இறங்கினால் ஒரு நூல் பிசகாது. மாமியார் விழுந்த பிறகு விடுப்பு போட்டவள், இன்னும் திரும்பவில்லை. “இந்த மாசக் கடைசி வரைக்கும்தாம்மா உன் மேசையைக் காலியா வச்சிருக்க முடியும். அப்புறம் என்னைக் கேட்காதே” என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள். விரல் இடுக்கு, முதுகு, தொடை மடிப்பு எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தாள். வராத கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, பிறகு வருகிற கையை நுழைத்து, பொத்தான்களைப் போட்டாள். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஜன்னலோர நாற்காலியில் இடது பக்கம் சாயாதபடி தலையணை செருகி உட்கார வைத்தாள். படுக்கை விரிப்பை மாற்றினாள்.

“அந்தச் சனியனை உள்ளே தள்ளு” என்றாள் மாமியார், சக்கரம் வைத்த கமோடு நாற்காலியைக் கண்ணால் காட்டி.

“இருக்கட்டுமே அத்தை. அதைப் பார்க்கத்தானே அவங்க வர்றாங்க?”

“வர்றவங்க முகத்துல அதைக் காட்டினா நான் செத்ததுக்குச் சமம். தள்ளுடி!”

தள்ளினாள்.

அதிகாரி வந்தார். கணினிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே கேட்டார்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்.”

“நீங்களே குளிச்சுக்கிறீங்களா?”

“ஏன், தண்ணி என்னைப் பார்த்தா ஓடிப் போயிடுமா?”

“துணி மாத்திக்கிறது?”

“நான் என்ன கைக்குழந்தையா?”

“நடப்பீங்களாம்மா?”

“வேணும்னா ஓடுவேன். இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சட்டைக் கை இன்னும் நனைந்திருக்கக் கதவோரம் நின்ற மருமகள், “மேடம், அவங்க சொல்றது…” என்று ஆரம்பித்தாள். டிக்கெட்டம்மா ஒரு பார்வை பார்த்தாள். வரிசை முரடர்களே அடங்கிய பார்வை. மருமகளும் அடங்கினாள்.

“வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! அம்மாவும் பளிச்சுனு இருக்காங்க” என்றார் அதிகாரி எழுந்தபடி. “சில வீடுகள்ல முதுகெல்லாம் புண்ணாகிப் படுத்திருக்காங்க, பார்க்கவே முடியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல.”

அடுத்த வாரம் பதில் வந்தது. கணவர் கைப்பேசியில் உரக்கப் படித்தார்: ‘விண்ணப்பதாரர் தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்கிறார். குடும்ப ஆதரவும் போதுமான அளவில் உள்ளது. உதவி தேவையில்லை.’

“சரி, விடு” என்றார் கணவர். “நீதான் வீட்டுலயே இருக்கியே.”

மருமகள் கையிலிருந்த துணிக்கூடையைத் தரையில் வைத்தாள்.

“இருக்கேனா? என்னங்க, உங்க அம்மா காலையில கட்டில்லேருந்து எப்படி எழுந்திரிக்கிறாங்க, சொல்லுங்க.”

“நீ எழுப்புவே.”

“எப்படி எழுப்புவேன்?”

அவர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். “கையைப் பிடிச்சு…”

“அந்தக் கையைப் பிடிச்சு இழுத்தா தோள்பட்டை கழண்டுடும். ஒரே வீட்டுலதான் இருக்கீங்க. உங்களுக்குக் கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்குது!”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

நேராக மாமியாரிடம் போய் நின்றாள்.

“அத்தை, திரும்பவும் வந்து பார்க்கச் சொல்லி மனு போடப் போறேன்.”

“போடு. வரட்டும். அன்னிக்குச் சொன்னதையே சொல்றேன்.”

“சொல்லுங்க. உங்க வாயை நான் மூட மாட்டேன். ஆனா ஒண்ணு. காலையில குளிப்பாட்டுறதுலேருந்து எல்லாத்தையும் வழக்கம்போல செஞ்சுடுவேன். உங்களை நாற விட்டு நியாயம் கேட்க எனக்குத் தெரியாது. ஆனா அவங்க உள்ளே வந்த நிமிஷத்துலேருந்து என் கை ரெண்டும் என் மடியிலதான் இருக்கும். கமோடு நாற்காலி இந்தக் கூடத்து நடுவுல இருக்கும்.”

டிக்கெட்டம்மாவின் முகம் சிவந்தது. “என் மானத்தைக் கூடத்துல வச்சு ஏலம் விடப் போறியா?”

“உங்க மானம் இன்னிக்கு வரைக்கும் எப்படி நிக்குதுன்னு நினைக்கிறீங்க? நான் முட்டுக் கொடுத்து நிக்குது அத்தை. எனக்குன்னு ஒரு மேசை இருக்கு, ஒரு கத்தி இருக்கு, ஒரு பேர் இருக்கு. எல்லாத்தையும் உங்க ‘எனக்கென்ன’வுக்கு அடியில முட்டாக் கொடுத்தாச்சு. போதும்.”

“அப்படி என்னைப் பார்த்துக்கக் கசக்குதுன்னா எங்கேயாவது கொண்டு போய் விட்டுடு!”

“கசக்கல. விடவும் மாட்டேன். உங்களையும் விட மாட்டேன், என் வேலையையும் விட மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும். அதைத்தான் கேட்கிறேன்.”

அதற்குப் பிறகு மாமியார் மருமகளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “தலை அரிக்குதுன்னு சிலருக்குத் தெரிய மாட்டேங்குது” என்பாள். மருமகளும் சுவருக்கே பதில் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துவிடுவாள். இரண்டு பேரின் கோபத்தையும் கேட்டுக் கேட்டு அந்தச் சுவருக்கே அலுத்திருக்கும்.

அதிகாரி மறுபடி வந்தது ஒரு விடுமுறை நாளில். கணவரும் வீட்டில் இருந்தார். சொன்னது போலவே கமோடு நாற்காலி கூடத்தின் நடுவில் நின்றது. குளித்துத் தலை வாரிய டிக்கெட்டம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே மோடாவில் மருமகள், மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு.

“அன்னிக்கே பார்த்தேனேம்மா. நல்லாத்தானே இருக்காங்க?” என்றார் அதிகாரி.

“அன்னிக்கு நீங்க பார்த்தது என் வேலையை மேடம். இன்னிக்கு இவங்களைப் பாருங்க. அரை மணி நேரம் இருந்தா போதும்.”

அதிகாரி கேள்விகளைத் தொடங்கினார். டிக்கெட்டம்மா பழைய பதில்களையே கொடுத்தாள், கொஞ்சம் வேகம் குறைவாக. பேசப் பேசத் தாகம் எடுத்தது. வலது கையால் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. இடது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை போல. பாட்டிலைத் தொடைகளுக்கு இடையில் செருகித் திருகிப் பார்த்தாள். அது நழுவி உருண்டது.

கணவர் பாய்ந்து எழுந்தார்.

“உட்காருங்க” என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட்டம்மா பல்லைக் கடித்தாள். கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தாள். உடம்பு ஒரு சாண் எழுந்தது. நின்றது. இடது பக்கமாகச் சரியத் தொடங்கியது. தலையணை கீழே விழுந்தது. அதிகாரி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தோளைத் தாங்கிப் பிடித்தார்.

“என்னம்மா நீங்க, பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!” என்று மருமகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

கோத்த விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அவள் தன்னை அடக்கிக்கொண்டிருந்தாள். விழப் போகிறவளைப் பார்த்ததும் கால்கள் அவளைக் கேட்காமலே பாதி எழுந்திருந்தன. திரும்ப உட்கார்ந்தாள்.

“இப்ப நீங்க பிடிச்சீங்கல்ல மேடம், அதையும் எழுதுங்க. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிடிக்கிறேன்னு எனக்கே கணக்கு கிடையாது.”

அதிகாரி டிக்கெட்டம்மாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார். பிறகு, அலுவலகத்துப் பழக்கம் விடாமல், “ஆனா விதிப்படி, வீட்டுல மருமகள் இருந்தா குடும்ப ஆதரவு இருக்குன்னு…” என்று இழுத்தார்.

“மருமகள்னா என்ன, சக்கர நாற்காலியா? வீட்டுக்கு ஒண்ணு இருந்தா போதும்னு எழுதிட்டுப் போக?”

அந்தக் கேள்வியைக் கேட்டது மருமகள் அல்ல. டிக்கெட்டம்மா. அதிகாரியின் கையைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. நேராக மருமகளைப் பார்த்தாள்.

“மேடம், நான் ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்து வேலை பார்த்தவ. வெளியில நிக்கிறவங்களுக்கு என் முகமும் ஒரு கையும் மட்டும்தான் தெரியும். கீழே கால் வீங்கி, செருப்புகூட நுழையாம இருக்கும். மேலே சிரிச்சுக்கிட்டே டிக்கெட் கிழிப்பேன். அன்னிக்கு உங்களுக்கும் அந்த ஜன்னலைத்தான் காட்டினேன். நீங்களும் முகத்தைப் பார்த்துட்டுப் போயிட்டீங்க.”

“அம்மா…” என்றார் அதிகாரி.

“எழுதுங்க. நானா எழுந்திரிக்க முடியாது. நானா குளிக்க முடியாது. கக்கூசுக்கு நானா போக முடியாது. எல்லாத்துக்கும் இவதான். என்ன, எழுத மாட்டேங்கிறீங்க? சொல்ற எனக்கே வெட்கம் போயிடுச்சு, உங்களுக்கென்ன?”

அதிகாரி பலகையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“டேய்!” என்று டிக்கெட்டம்மா மகனை அழைத்தாள். “எனக்கு இப்பப் போகணும். வா.”

மருமகள் எழப் போனாள்.

“நீ உட்காரு! கையைக் கட்டிக்கிட்டவ கட்டிக்கிட்டே இரு. வாடா, உன்னைத்தான். எத்தனை வருஷம் உன்னைக் கழுவி விட்டிருக்கேன், கூச்சமா இருக்கா?”

அவர் நெளிந்துகொண்டே வந்தார். அம்மாவின் இடது கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

“கை இல்ல!” என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“இடுப்புப் பட்டையைப் பிடிங்க” என்றாள் மருமகள். “உங்க முட்டியால அவங்க முட்டிக்கு அணை கொடுங்க. ஒண்ணு… ரெண்டு…”

அவர் முக்கினார், முனகினார், அம்மாவின் எடை முழுவதையும் முதல் தடவையாகத் தன் முதுகில் உணர்ந்தார். கமோடு நாற்காலியில் உட்கார வைத்துச் சக்கரத்தை உருட்டுவதற்குள் நெற்றியில் வியர்வை கொட்டியது.

“இதை… தினமுமா செய்யுற?” என்று மனைவியைக் கேட்டார்.

“இப்ப நீங்க செஞ்சது ஒரு தடவைதாங்க.”

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், “காலையில நான் கொஞ்சம் முன்னாடியே எழுந்திருக்கிறேன். குளிக்க வைக்க எப்படித் தூக்கணும்னு காட்டிக் கொடு” என்றார். அம்மாவின் சட்டைப் பொத்தானை இடம் மாற்றிப் போட்டிருந்தார். டிக்கெட்டம்மா அதைச் சொல்லவில்லை.

அதிகாரி கிளம்பத் தயாரானார். “மேலிடத்துல கேள்வி கேட்பாங்க. கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றார். “நானே எங்க வீட்டுல ஒரு மருமகதான்.” பிறகு பலகையைப் பார்த்துத் தயங்கினார். “‘கவனித்துக்கொள்ள வீட்டில் இருப்பவர்’னு ஒரு இடம் இருக்கு. போன தடவை அதுலதான் மருமகள்னு போட்டேன். இப்ப என்ன போடட்டும்?”

மருமகள் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்டம்மா முந்திக்கொண்டாள்.

“நல்லாக் கேட்டுக்குங்க மேடம். உதவி வேணும்னு வாய்விட்டுக் கேட்கிறது அவமானம் இல்ல. ஒரு கிழவியோட பாரத்தை ஒரே ஒருத்தி தலையில கட்டிட்டு, ‘குடும்பம் பார்த்துக்குது’ன்னு எழுதி வைக்கிறாங்களே, அதுதான் அவமானம். எனக்கும், இதோ நிக்கிற என் பிள்ளைக்கும், உங்க ஆபீசுக்கும். அந்த இடத்துல யாரும் இல்லைன்னு போடுங்க.”

“மருமகள்?”

“‘வேலைக்குப் போயிருக்கா’ன்னு எழுதுங்க.”