மிஸ்ஸுக்கு ரெண்டு

வெண்ணிலா மஞ்சள் கவுனில் வந்து ஹால் வாசலில் நின்றபோது நான் கேக்கை எத்தனை துண்டு போடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு ஸ்லாப் கேக்கில் இருபத்தெட்டுத் துண்டு வரும். நான்கு ஸ்லாப் சரியாக இருக்கும், ஆனால் ஒரு துண்டு கீழே விழுந்தாலும் ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போகும். ஐந்து என்று எழுதினேன். முதலில் ஒரே பெரிய கேக்காகத்தான் கேட்டிருந்தேன். பேக்கரி சம்பந்தம் அண்ணன் சிரித்துவிட்டார். "அத நூத்திப்பன்னெண்டா வெட்றதுக்குக் கத்தி பத்தாதும்மா, ரம்பம்தான் எடுத்தாரணும்."

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, காலனி நலச்சங்கத்தின் மாடி ஹாலில் தினமும் ஆறிலிருந்து எட்டு வரை இலவச மாலை வகுப்பு நடக்கிறது. நான்கு பேர் சொல்லிக்கொடுக்கிறோம். வருகைப் பதிவும் பீரோ சாவியும் என் பொறுப்பு. பகலில் நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து அளவு பார்த்து, சரியாக இருந்தால் டிக் போட வேண்டும். சாயங்காலம் ஹாலுக்கு வந்த பிறகும் கை டிக் போடத்தான் தேடும்.

இந்தப் பெரிய பிறந்தநாள் என் யோசனை. எங்கள் வகுப்பில் பிறந்தநாள் என்றால் அந்தப் பிள்ளை கலர் டிரஸ்ஸில் வரும், எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்கும். போன வருடம் பரணி புதுச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வந்தான். "இன்னா மச்சான், சட்டையக் கடிச்சிக்கவா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்க, ஹாலே சிரித்தது. அடக்க முடியாமல் எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. பரணி அதைப் பார்த்தான். பத்து நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை.

அதனால்தான் இந்த ரூல். இனிமேல் யாரும் தனியாகச் சாக்லேட் கொடுக்கக் கூடாது. ஜூலை இரண்டாவது ஞாயிறு, நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள். சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் சார், "பிரில்லியன்ட் ஐடியா ஜெரூஷா, பேனர் என் செலவு" என்றார். ரூலைப் பிள்ளைகளிடம் சொன்ன அன்று, சொன்னேன் என்பதற்கு ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டேன். வெண்ணிலா காய்ச்சல் என்று அன்று வரவில்லை. யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அவள் பெயருக்கும் சேர்த்துப் போட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருப்பது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இப்போது அவள் கையில் ரிப்பன் கட்டிய பழைய ஸ்வீட் டப்பா. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள், வயதுக்குச் சின்ன உருவம். கவுன் இன்னும் மடிப்பு கலையாமல் விறைப்பாக நின்றது. "ஏய், கலர் டிரஸ்ஸு!" என்று யாரோ கத்தினார்கள். "மிஸ், ரூல்ஸு மிஸ், ரூல்ஸு!" என்று இன்னொரு குரல். பரணி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

"இதப் பார்ட்டி அன்னைக்குக் குடுத்துக்கலாம், சரியாடா?" என்றேன்.

அழுதிருந்தால் கொடுக்கச் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, தன் இடத்தில் போய்க் கவுனை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பீரோவில் வைப்பதற்கு முன் சாக்லேட்டுகளை எண்ணி, ஒரு சீட்டில் '113' என்று எழுதி உள்ளே போட்டேன். அவளைத் தவிர நூற்றுப் பதினொரு பேர்தான். இரண்டு ஏன் அதிகம் என்று புரியவில்லை. எண்ணத் தெரியாமல் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு நான் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லவில்லை என்பது மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன். வெண்ணிலாவின் அம்மா காந்தா அக்கா கேம்ப் ரோட்டு ஓரத்தில் கூடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கோவளம் பக்கம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மிஸ்ஸு, மீன வாங்க வந்தியா, மொறைக்க வந்தியா? வா வா. நீ சொல்லு, எம் பொண்ணு குட்த்த சாக்லேட்டு எப்டி இருந்துச்சு?"

நான் நெத்திலியைக் கைகாட்டினேன்.

"அல்லாரும் கைதட்டிப் பாட்டுப் பாட்னாங்களாமே! வூட்ல வந்து பாடிக் காட்னா. போன வருசம் வரிக்கும் 'அடுத்த வருசம் அடுத்த வருசம்'னு ஏமாத்திக்கினு இருந்தேன் மிஸ்ஸு. இந்த வருசந்தான் முடிஞ்சுது. அல்லாருக்கும் ஒண்ணு, மிஸ்ஸுக்கு ரெண்டுன்னு அவளே ஒக்காந்து எண்ணி வெச்சா. ரெண்டும் துன்னியா?"

"சாப்ட்டேங்க்கா," என்றேன். "நல்லா இருந்துச்சு."

"அது!" என்று சொல்லி, எடை போட்ட நெத்திலிக்கு மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டார். நான் பையை விரித்துப் பிடித்தேன். வீட்டில் என் அம்மா அதை வறுத்தாள். நானும் சாப்பிட்டேன்.

அன்று மாலையே நிகழ்ச்சி நிரலைத் திருத்தினேன். 5.20 கேக். 5.40 வெண்ணிலா சாக்லேட். எழுதி முடித்த பிறகுதான் அம்மாக்கள் எல்லோரையும் பார்ட்டிக்கு அழைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஏற்கெனவே தின்றுவிட்டதாகச் சொன்ன சாக்லேட்டை, காந்தா அக்கா கண் முன்னால் எப்படிக் கொடுக்க வைப்பது? திங்கட்கிழமை வெண்ணிலாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உன் மேல தப்பு இல்லடா. நான்தான் வாங்கி வெச்சுட்டேன்னு அம்மாகிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"வேணாம் மிஸ்."

"ஏன்டா?"

அவள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "எங்கம்மா டெய்லி நைட்டு அதச் சொல்லச் சொல்லிக் கேக்குது மிஸ். யார் யார் கைதட்னாங்க, பரணி இன்னா சொன்னான், நீங்க இன்னா சொன்னீங்கன்னு. நா சொல்லிகினே இருப்பேன். அப்டியே தூங்கிடும்."

நான் என்ன சொன்னதாக அவள் சொல்லியிருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 5.40 என்ற வரியை அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது. பலூன் இருநூறு, தொப்பி நூற்றுப் பன்னிரண்டு, ஐந்து ஸ்லாப். ஸ்ரீரங்கன் சார் பேனர் முன்னால் நின்று வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். பரணி முதல் வரிசையில் தொப்பியைக் கோணலாக மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெண்ணிலா அதே மஞ்சள் கவுனில் வந்திருந்தாள். பின்னால் சுவரோரம், மற்ற அம்மாக்களோடு காந்தா அக்கா தலை நிறையப் பூவோடு நின்றிருந்தார்.

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றியதும் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். பேர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒரு கணம் எல்லோரும் தயங்கினார்கள். அடுத்த கணம் அவரவர் தன் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். நூற்றுப் பன்னிரண்டு பெயரில் ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்து காந்தா அக்கா மட்டும் "வெண்ணிலா!" என்று கூவியது தெளிவாகக் கேட்டது. நான் வெண்ணிலாவைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. அவள் கண் பீரோவின் மேல் இருந்தது.

ஆறரைக்கு ஹால் காலியானது. அம்மாக்கள் படியிறங்கிப் பேசிக்கொண்டே கீழே நின்றார்கள். நான் தொப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெண்ணிலா தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பி மேலே வந்தாள். பாட்டில் அவள் கையிலேயே இருந்தது.

"மிஸ், பீரோவத் தொறங்க."

திறந்தேன். மேற்கு ஜன்னல் வெயில் தினமும் அந்தப் பீரோவில்தான் விழும். தகரம் இன்னும் சுட்டது. டப்பாவை எடுத்துத் தரையில் வைத்து ரிப்பனை அவிழ்த்தாள். என் சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தாள். பிறகு இரண்டே இரண்டு சாக்லேட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு துன்னேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்கல்ல. துன்னுங்க."

"மீதி?"

அவள் டப்பாவை மூடி மறுபடி ரிப்பனைக் கட்டத் தொடங்கினாள். "வெண்ணிலா, இன்னாடி பண்ற, பாட்டிலு கெடச்சுதா?" என்று கீழேயிருந்து காந்தா அக்காவின் குரல் வந்தது. "வரேம்மா!" என்று கத்தினாளே தவிர, நகரவில்லை.

பிரித்தேன். சாக்லேட் உருகி, இறுகி, மறுபடி உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி வாயில் போட்டேன். காகிதத் துணுக்கு ஒன்று பல்லில் மாட்டியது. அதையும் விழுங்கினேன். வெண்ணிலா ரிப்பனின் இரண்டு முனையையும் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதைப் பிரிக்க ஆரம்பித்தேன்.