இரண்டு ஆள் தூக்கும் பெட்டி

இல்யாஸும் கண்ணையாவும் கோட்டைமேட்டில் பல வருடம் சேர்ந்து நடத்திய சவுண்ட் சர்வீஸ் கடையை 1990 பொங்கல் முடிந்ததும் பிரித்துக்கொண்டார்கள். ஆம்ப்ளிஃபயர்களும் குழாய் ஸ்பீக்கர்களும் இல்யாஸுக்கு. முன்னூறு சொச்சம் இசைத்தட்டுகள் கண்ணையாவுக்கு. கண்ணையா பம்பாய்க்குப் போய், தமிழர்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதியில், தட்டிலிருந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைப்பதாக ஏற்பாடு.

தட்டுகள் யாருக்கு என்பதில்தான் வாய்த்தகராறு வந்தது. கோபத்தில் இல்யாஸ் ஒரு வார்த்தை விட்டுவிட்டான். "கொண்டு போடா, கொண்டு போ. போய்ச் சேர்ற அன்னிக்குப் பாட்டு வருதா காத்து வருதான்னு பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பின்னால் நடந்தது வெறும் விபத்தாகவே போயிருக்கும்.

சித்திரையில், பம்பாய் போய்ச் சேர்ந்த கண்ணையாவுக்கு இல்யாஸ் முதல் தவணையாக இருபது தட்டுகளை அனுப்பினான். கட்டிக் கொடுத்தவர் அவன் மனைவி ஹுமேராவின் அண்ணன் ரசாக். கருமத்தம்பட்டியில் விசைத்தறித் துணிகளுக்குப் பேல் கட்டுவது அவர் வேலை. துணிக்குப் பேல் எப்படிப் பாதுகாப்பு என்று தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். துணி மடிப்புகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. காற்று இருந்தால் துணி நகரும், உரசும், மழை ஈரத்தைக் குடிக்கும். அதனால் பிரஸ்ஸில் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றி, மேலே சாக்கைச் சுற்றி, இரும்புப் பட்டையால் இறுக்குகிறார்கள். அப்படிக் கட்டிய பேல் லாரி மேலிருந்து விழுந்தாலும் துணிக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பத்திரம்.

ரசாக் தட்டுகளைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே மடித்த காடாத்துணி வைத்து, பிரஸ்ஸின் கைப்பிடியைத் தன் வழக்கப்படியே சுற்றினார். "லாரியே ஏறினாலும் இனி அசையாது மாப்ளே" என்றார்.

பத்து நாள் கழித்து, கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு பம்பாயிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க இல்யாஸ். தட்டு வந்து சேந்துச்சுங்க."

இல்யாஸை எப்போதும் டேய் என்றே கூப்பிடுகிறவன் கண்ணையா. ஊரில் எல்லோருக்கும் போடும் அந்த 'ங்க'வை இவனுக்கு அவன் ஒருநாளும் போட்டதில்லை.

"எல்லாம் கிண்ணமாட்ட குழிஞ்சிருக்குதுங்க. ரெண்டுல லோடுமேன் கொக்கி குத்துன ஓட்டை. நீங்க சொன்னாப்பலயே காத்துதான் வருதுங்க."

"டேய், வேணும்னு பண்ணுவனாடா நானு?"

"இருக்கட்டுங்க. மிச்சத்தையும் அனுப்பிபோடுங்க. எப்படி வருதுன்னு பாத்துக்கறனுங்க." போன் வைக்கப்பட்டது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஹுமேரா சொன்னாள்: "அண்ணன் பேல் கட்டுச்சு. நீங்க வாயக் கட்டல."

மிச்சம் போகும் தட்டுகளும் கெட்டால் கண்ணையா இனி அவனுக்கு இல்லை. இல்யாஸ் தனக்குத் தெரிந்த வேலுமணியைத் தேடிக்கொண்டு, ஊரின் இன்னொரு பகுதியான கணபதிக்குப் போனான். வேலுமணி அங்கே ஒரு பம்ப்செட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தார். அவர் பேசத் தொடங்கும் முன், கடையில் பாட்டு வராமல் ஒதுக்கிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இல்யாஸிடம் கேட்டு வாங்கினார். அதை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தகரக் கூரையில், நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கும்படி இரண்டு ரீப்பர் கட்டைகள் மேல் வைத்து, அதன் நடுவில் அரைச் செங்கல்லை வைத்தார். இருவரும் டீக்கடைக்குப் போய்த் திரும்பினார்கள். தட்டு தொட்டில் போலத் தொங்கியிருந்தது.

"இதே தட்டை நெழல்ல வெச்சு இதே கல்லை வெச்சா ஒண்ணும் ஆகாது. வெயில்ல சும்மா சமமாப் படுக்கப்போட்டாக்கூடத் தப்பிக்கும். சூடும் பாரமும் சேந்து வந்தாத்தான் கேடு" என்றார் வேலுமணி.

சித்திரை மாதத்து லாரியில், தார்ப்பாயின் கீழே, பிரஸ் கொடுத்த அழுத்தத்தோடு நாலு நாள் கிடந்த தட்டுகளுக்கு இரண்டும் கிடைத்திருந்தன. துணி மெத்தென்றிருப்பதால், மடிப்பு தடித்த இடத்தில் ஒரு பாரம், மெலிந்த இடத்தில் ஒரு பாரம். தட்டு இளகி அந்த மடிப்பின் உருவத்தையே எடுத்துக்கொண்டது.

"அப்ப நிக்க வெக்கோணும்" என்றான் இல்யாஸ். கடையில் அவன் தட்டுகளை எப்போதும் நிறுத்தித்தான் வைத்திருந்தான். அனுப்பும்போது மட்டும் ஏன் படுக்க வைத்தோம் என்று அப்போதுதான் யோசித்தான். ரசாக்கின் பிரஸ் படுக்கைவாட்டில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஆடிக்காற்று வீசத் தொடங்கி வெயில் குறையும்வரை காத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்கட்டில் வேலை நடந்தது. மில்களில் நூல் கோன் அனுப்பும் தடித்த அட்டைப்பெட்டிகள் நாலு கிடைத்திருந்தன. ரசாக்கும் வந்தார். வந்தவர் ஓரமாக உட்கார்ந்து, "என்னைய இன்னிக்கு எதையும் தொடச் சொல்லாதீங்க" என்றார்.

"தொடலீன்னா எப்படி? இறுக்கம் உங்க கைக்குத்தானுங்க தெரியும்" என்றார் வேலுமணி.

அது மரியாதைக்குச் சொன்னதல்ல. நிறுத்தி வைத்த தட்டுகள் தளர்வாக இருந்தால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தே நாலு நாள் பயணம் போனால் வளையும். ரொம்ப இறுக்கினால் உறைகளில் வட்டம் வட்டமாகத் தேயும். ஒரு தட்டை இரண்டு விரலால் இழுத்தால் கொஞ்சம் முரண்டுபிடித்து வர வேண்டும். அது வெளியே வந்த பிறகும் மற்றவை நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரசாக் ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டுப் பார்த்து, இங்கே ஒரு அட்டை போடு, அங்கே ஒன்றை எடு என்றார்.

இல்யாஸுக்குத் தெரிந்த நுணுக்கம் ஒன்று இருந்தது. கல்யாண வீடுகளுக்கு வேனில் கொண்டுபோய் வரும்போது அட்டை உறைகளின் அடிப்பக்கம் கிழியும். வேன் குதிக்கும்போது உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு கத்தி மாதிரி இறங்குகிறது. அதனால் தட்டை அதன் தாள் உறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்தான். இப்போது எது குதித்தாலும் கிழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

நாலு பெட்டிகளும் நிரம்பியதும் வேலுமணி பேனாவை எடுத்தார். "கண்ணாடி, ஜாக்கிரதைன்னு எழுதட்டுமா?"

ரசாக் சிரித்தார். "லோடுமேன் படிச்சுப் பாத்துட்டா தூக்குறான்? ஒரு ஆள் தூக்கற பெட்டியக் கீழ இருக்கறவன் மேல இருக்கறவனுக்கு வீசுவான். நாலும் பறக்கும்."

"அப்ப?" என்றான் இல்யாஸ்.

"ரெண்டு ஆள் தூக்கறதை வீச முடியாது மாப்ளே. வீசுனா அவங்கால்லயே விழுகும். மெதுவாத்தான் எறக்குவான்."

எடையைக் குறைத்தால்தான் பத்திரம் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். நாலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெட்டியாக்கினார்கள். மோட்டார் அனுப்புகிற மாதிரியே மரச்சட்டம் அடித்து, அடியில் இரண்டு நீளக்கட்டைகளைக் கால்களாகப் பொருத்தினார் வேலுமணி. கால் உள்ள பெட்டியை எந்த லோடுமேனும் கவிழ்த்து வைப்பதில்லை. கால்களுக்கு நடுவே கைவிட இடம் இருப்பதால் கொக்கியும் வேண்டியதில்லை. மழைக்குப் பாலித்தீன் தாளை மேலிருந்து தொப்பி போலப் போட்டு, அடிப்பக்கத்தை மூடாமல் விட்டார். முழுக்கச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உறைகளில் பூஞ்சை பிடிக்கும்.

மூடியைப் பொருத்தப்போகும் நேரத்தில் இல்யாஸ் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்தான். நாதஸ்வரத் தட்டு. ஒரு ஓரம் அலைபோல வளைந்திருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில், சூடேறிய ஆம்ப்ளிஃபயர் மேல் யாரோ அதை வைத்துவிட்டார்கள். வைத்தது நீ என்று அன்றைக்கு இல்யாஸும் கண்ணையாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். வைத்தது கண்ணையாதான்.

"இதைப் போடாதீங்க மாப்ளே. இதையும் நீங்கதான் வளைச்சீங்கன்னு நெனைப்பான்" என்றார் ரசாக்.

"பழசுன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சுபோடுங்க" என்றார் வேலுமணி.

இல்யாஸ் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எடுத்துவிட்டால் கண்ணையா ஒன்று குறைகிறது என்பான். சீட்டு எழுதினால் முன்கூட்டியே சாக்கு சொல்கிறான் என்பான். சும்மா அனுப்பினால் இதுவும் உன் வேலையா என்பான்.

ஹுமேரா டீ டம்ளர்களை வைத்துவிட்டுக் கேட்டாள். "அது யாரு தட்டு?"

"அவனோடது."

"அப்புறம் என்ன யோசனை?"

வளைந்த தட்டை மற்றவற்றோடு சேர்த்து நிறுத்த முடியாது. பக்கத்துத் தட்டையும் கெடுக்கும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, கடைசிப் பெட்டியின் ஓரத்தில் தனியாகச் செருகினான். சீட்டு எழுதவில்லை. வேலுமணி மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினார்.

பார்சல் ஆபீசில் இரண்டு பேர் குனிந்து, கால்களுக்கு நடுவே கைவிட்டு, "மோட்டாராட்ட இருக்குது, பாத்து" என்று சொல்லிக்கொண்டு பெட்டியை ஏற்றினார்கள். ரசாக் இல்யாஸின் விலாவில் ஒரு இடி இடித்தார்.

அதற்கப்புறம் போன் வந்ததா என்று இல்யாஸ் பூத்துக்காரரை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டான் என்பதை அவர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு மழைநாள் சாயங்காலம் போன் வந்தது.

"பொட்டி வந்துச்சுங்க" என்றான் கண்ணையா.

"எப்படி வந்துச்சு?"

"நின்னவாக்குலயே வந்துச்சுங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணாடி மேசைல வெச்சுப் பாத்தேன். எல்லாம் படியுது. ஒண்ணு மட்டும் படியல."

இல்யாஸ் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான். பழைய கதை வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"அந்த நாயனத் தட்டு" என்றான் கண்ணையா. "அதை எதுக்கு அனுப்புன?"

"உன்ற தட்டு. எடுத்துபோட்டா ஒண்ணு கொறையுமே."

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

"அவிநாசில அதை ஆம்ப்ளிஃபயர் மேல வெச்சுபோட்டு நாந்தான்டா பந்திக்குப் போனேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அன்னிக்குத்தான் சொன்னனே. நீ ஒத்துக்கவே இல்ல."

கண்ணையா சிரித்துவிட்டான். பிறகு கேட்டான்: "அந்த இருபதையும் நெசமாவே துணி பேலாட்டத்தான் கட்டுனீங்களா?"

"மச்சானுக்கு வேற என்ன தெரியும்? பிரஸ்ஸப் பாத்தாச் சுத்திபோடுவாரு."

"சுத்தட்டும், சுத்தட்டும். இந்தப் பொட்டிய என்ன பண்றது? திருப்பி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். மூடிய மட்டும் கழட்டிக் கடைல வெச்சுக்கோ. தட்டு அடுக்கறதுக்கு ஆகும். கால் இருக்குதல்ல, தரை ஈரம் மேல ஏறாது."

"சரிடா" என்றான் கண்ணையா.