பச்சை காட்டிய முகம்

என் அக்கா புருஷன்தான் கட்டட வேலையில் எங்கள் மேஸ்திரி. நேற்று மாலை கம்பித் துண்டால் என் முகத்திலேயே நாலு போடு போட்டார். கம்பி கட்டி முடியவில்லை என்று நான் போனில் உண்மையைப் பதிந்ததால் கான்கிரீட் லாரி வரவில்லை. பொய் சொல்லியிருந்தால் முகம் தப்பியிருக்கும்.

வேலையோ ஆளோ தயாராகாமல் லாரி வந்தால் கான்கிரீட் இறுகிக் குப்பைக்குப் போகும். அதனால் போனில் பதிவதோடு, எங்கள் குழுவின் எட்டுப் பேரும் வாசல் கேமராவில் முகம் காட்டினால்தான் இப்போது லாரி கிளம்பும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன்.

இரவோடு இரவாகக் கம்பி கட்டி முடிந்துவிட்டது. இன்று காலை மேஸ்திரியோடு சேர்த்து ஏழு பேருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு மட்டும் சிவப்பு. மூக்கு உடைந்து, ஒரு கண் வீங்கி மூடிய முகம் கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை.

மேஸ்திரி தன் துண்டை நனைத்து என் மூக்கில் மறுபடி கசிந்த ரத்தத்தைத் துடைத்தார். பிறகு வீங்கிய இமையை விரலால் பிரித்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கொஞ்சம் கண்ணத் தெறடா மாப்ள. இன்னைக்கும் லாரி வரலன்னா என் வேல போயிடும்."

"நேத்து அக்காதான் மருந்து போட்டா, மாமா. யார் அடிச்சான்னு அவ கேக்கவே இல்ல."

"ஏன்?"

"அவ மூக்கும் இதே மாதிரிதான ஒடஞ்சுது."

அவர் விரல் என் இமையை விட்டது. என் இடுப்பில் செருகியிருந்த கம்பி முறுக்கும் கொக்கியை உருவி, அவர் மூக்கில் ஓங்கி இறக்கினேன். மண்டியிட்டவரின் முடியைப் பிடித்துத் தூக்கி, அந்த முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன்.

சிவப்பு எரிந்தது.