மூன்றாவது சிலிண்டரின் மூச்சு

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற முடியாமல் டாக்ஸி பின்னோக்கி வழுக்கிய அதே காலையில், அதன் டிரைவரின் மனைவி, நாலு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாதவள், இரும்பு பீரோவை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் அதன் அடியில் பெருக்கினாள். தெருவில் இவை இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு செய்திகளாகவே பேசப்பட்டன. டாக்ஸிக்காக வருத்தப்பட்டார்கள். பீரோவுக்கு அடியில் என்ன கிடைத்தது என்று விசாரித்தார்கள். மகள் பள்ளிக்கூடக் காலத்தில் தொலைத்த காம்பஸ் கிடைத்திருந்தது.

அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி வருஷக்கணக்கில் அவள் நெஞ்சுக்குள் போய் வாடகை தராமல் குடியேறிவிட்டது. மூச்சு விட முடியாமல் போன பிறகு ஆலைக்காரர்கள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு உலகம். கழிவறைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நிற்பாள். அந்த இரண்டு இடத்திலும் சுண்ணாம்பு தேய்ந்து உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருந்தது. குடும்பத்தை அப்பாவின் பழைய டீசல் டாக்ஸி இழுத்தது. அந்த வீட்டில் முதல் ஆளாக மகள் பட்டம் வாங்கியதும் அதன் புண்ணியத்தில்தான். மெக்கானிக்கல் படித்தவளுக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. கையில் ஸ்பானரைத் தராமல் போனைத் தந்து, "உங்க குரல் நல்லா இருக்கும்மா" என்றார்கள். அன்று மூக்கு நுனிக்கு வந்த கோபம் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

டாக்ஸிக்கு இழுவை குறைவது நின்றபாடில்லை. மேட்டைக் கண்டால் பயணிகளே இறங்கித் தள்ளினார்கள். மகள் லீவு போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தாள். காற்று வடிகட்டியைத் தட்டிப் பார்த்தாள், டீசல் வடிகட்டியை மாற்றினாள், சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று கழற்றி அதன் வழியே வானத்தைப் பார்த்தாள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதோ என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினாள். ஜாக்கி வைக்க அவள் குனிந்தபோது, "இரு, நான் பிடிக்கிறேன்" என்று அம்மாவே வந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தாள். இழுவை குறையக் குறைய அம்மா தேறிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடியில் இருந்த கர்ப்பிணிக்குத் தண்ணீர் டிரம்மைச் சுமந்துபோய் வைத்தாள். சாக்கடையில் சக்கரம் இறங்கிய லாரியைத் தோளால் ஒரு இடி இடித்து ரோட்டில் ஏற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் திறக்க வராத மூடிகளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். "அக்கா, இந்த ஒரு பாட்டில் மட்டும்" என்பார்கள். பையிலிருந்து ஐந்தாறு வெளியே வரும்.

கடைசியில் காதுக்காரரைக் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி நோய் சொல்லும் மெக்கானிக் அவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர் பேச மாட்டேங்குது" என்றார். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். அப்பா அவசரமாகக் குறுக்கே வந்து, "அதெல்லாம் இப்பத்தான் நானே சர்வீஸ் பண்ணேன், அதுல ஒண்ணும் இல்ல" என்றார். அப்படியானால் சிலிண்டரே தேய்ந்துவிட்டது, இன்ஜினை மாற்ற வேண்டியதுதான் என்று காதுக்காரர் தீர்ப்புச் சொன்னார். பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய கார் ஒன்றின் இன்ஜின் அவர் கொட்டகையில் சும்மா கிடந்தது.

அன்று மத்தியானம், வழக்கமாக இளைப்பைப் பார்க்கிற மாதிரி, மகள் அம்மாவின் முதுகில் காதை வைத்தாள். எப்போதும் விசில் ஊதும் இடம் அது. இப்போது விசில் இல்லை. டக், டக், டக் என்று ஒரே சீரான துடிப்பு. வாசலில் அப்பா டாக்ஸியை ஸ்டார்ட் செய்து விட்டிருந்தார். மூன்று அடி அடித்து ஒரு அடி விட்டு அது ஓடிக்கொண்டிருந்தது. விட்டுப்போன ஒவ்வொரு அடியும் அம்மாவின் முதுகுக்குள் விழுந்தது. பிசகவே இல்லை. நாலு வருஷம் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றைக் காதால் கேட்டுக்கொண்டு, மகள் வெகுநேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். "என்னடி, தூங்கிட்டியா?" என்றாள் அம்மா. அந்தக் குரலில் லேசாக டீசல் வாசனை அடித்தது.

மகள் எழுந்துபோய், யாரையும் கேட்காமல் மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றினாள். அடியில் தார் மாதிரிக் கரி. கரியைச் சுரண்டினால், கம்பெனி வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிய ஒரு செப்பு வளையம். அதில் பாதி அழிந்த பூ வேலைப்பாடு. அம்மாவின் கையைப் பார்த்தாள். ஆலையில் கிடைத்த முதல் சம்பளத்தில் அவள் வாங்கிப் போட்ட செப்பு வளையல் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு வாய் பிளந்திருந்தது. உடைந்துபோச்சு என்று அப்பா சொல்லியிருந்தார்.

"கடை லீவு, விடிஞ்சா சவாரி. அவ தூங்கிட்டிருந்தா, ஒரு துண்டுதானேன்னு..." என்று அப்பா இழுத்தார்.

"அவங்க உசிரோட இருக்கறப்பவே பார்ட்ஸ் கழட்டுவீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா அம்மாகிட்ட?" என்று மகள் போட்ட சத்தத்தில் மூடி திறக்க வந்தவர்கள் பாட்டிலோடு திரும்பிப் போனார்கள்.

பிறகு அப்பாவும் மகளும் காதுக்காரரும் உட்கார்ந்து யோசித்தார்கள். புது வாஷர் போட்டால் டாக்ஸி ஓடும். அம்மா கட்டிலுக்குத் திரும்பிவிடுவாள். அப்படியே விட்டால் அம்மா நடப்பாள். சோற்றுக்கு வழி இருக்காது. இன்ஜினையே மாற்றினால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்கலாமா என்று காதுக்காரர் ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டாக்ஸியை ஓரங்கட்டிவிடலாம், நான் இரண்டு ஷிஃப்ட் போனில் பேசி இந்த வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மகள் முடிவாகச் சொன்னாள்.

"இவ்வளவு நேரமா என்னைப் பத்திதானே பேசறீங்க?" என்றாள் அம்மா, வாசற்படியில் நின்றபடி. "அவர்தான் கேக்கலைன்னு அந்தக் குதி குதிச்சியே, நீ கேட்டியா?"

"இப்பக் கேக்கறேன். என்ன செய்யணும், சொல்லும்மா" என்றாள் மகள்.

"அந்த இன்ஜினை வெளியே எடுங்க. வீட்டுலயும் சரி ஆலையிலயும் சரி, மூணுல ஒரு பங்கோ நாலுல ஒரு பங்கோ வாங்கித்தான் இத்தனை காலம் வாழ்ந்தேன். போனா போகட்டும். ஆனா என் வளையல் துண்டு எனக்கு வேணும்."

காதுக்காரர் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியைக் கட்டி இன்ஜினைத் தூக்கினார். அது காரின் வயிற்றிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்தது. சுவரில் கறுத்திருந்த பழைய இடத்தை அவள் கை தேடிப் போனது. மகள் ஓடிவந்து, கரி துடைத்த அந்த வளையத்தை வெட்டுவாய் வழியாக வளையலுக்குள் கோத்துவிட்டாள். அம்மா ஒரு மூச்சு இழுத்தாள். ஆலைக்குப் போன முதல் நாளுக்கு முன்னால் இழுத்திருக்கக்கூடிய மூச்சு அது. வாசலில் காய்ந்த துணிகளெல்லாம் அவள் பக்கமாகப் படபடத்தன. இப்போது அவளுக்குள் நான்கு அடியும் விழுந்ததை, எதையும் வைத்துக் கேட்காமலே, தெருவே கேட்டது.

அம்மா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஓட்டத் தெரியாதே என்றார் அப்பா. "நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்றாள். பானெட்டுக்குள் வெறும் காலி. அந்தக் காலியோடு கார் புறப்பட்டு, தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் கியர்கூடக் குறைக்காமல் ஏறியது. பின் சீட்டில் இருந்த மகள் படித்ததையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்தாள். உச்சியில் அம்மா நிறுத்தினாள். கீழே ஆலையின் புகைபோக்கி சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. "இத்தனூண்டுதானா!" என்று சொல்லிவிட்டு, தூசி உதறுகிற மாதிரி கையைத் தட்டிக்கொண்டாள்.

டாக்ஸி இன்றும் ஓடுகிறது. சோதனைக்கு வந்த அதிகாரி பானெட்டைத் திறந்து, உள்ளே சாப்பாட்டுத் தூக்கும் ஒரு குடையும் இருப்பதைப் பார்த்து, புகை வரவில்லை என்பதால் கையெழுத்துப் போட்டார். காதுக்காரரின் கொட்டகையில் இப்போது இரண்டு இன்ஜின்கள் சும்மா கிடக்கின்றன. சவாரிக்கு அழைக்கிறவர்கள் வண்டி இருக்கிறதா என்று கேட்பதில்லை, அம்மா வருவாங்களா என்றுதான் கேட்கிறார்கள். சில காலைகளில் அவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னிக்கு வேண்டாம்" என்பாள். அன்று கார் ஓடாது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.