கொப்பித் தாளில் எழுதிய வாக்குமூலம்

பத்தரை மணிபோல மொழிபெயர்ப்பாளர் குடையை மடக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதை லூர்த்தம்மா கண்டாள். பதினொரு வழக்குத் தவணையாக அந்தப் பெண்ணுக்காகத்தான் காத்திருந்தாள். இன்றைக்கும் வராமல் விட்டால் நல்லது என்று வரும் வழியெல்லாம் மன்றாடிக்கொண்டும் இருந்தாள்.

"அந்தா, கஜந்தினி மிஸ் வந்திட்டா," என்றான் சுரேஸ், அவளுடைய செத்துப்போன புருசன் லியோனின் தம்பி. "ரெண்டு கோர்ட்டுக்கும் ஒரே ஆளாம், மச்சாள். இன்னொராளைப் போட அரசாங்கத்திட்டைக் காசில்லையாம். எங்கடை ஓட்டை வள்ளத்துக்கே மூண்டு பேர் வேணும்."

லூர்த்தம்மா சிரிக்கவில்லை. எண்ணெய்க்கு நாடே வரிசை நின்ற அந்த வருடத்து ஆடி மாதம் நடந்தது அது. மண்ணெண்ணெய் வரிசையில் இடம்பிடிக்க விடியப்புறம் சைக்கிளில் போன லியோனை ஒரு லொறி அடித்துப் போட்டது. பொலிஸ் ஜீப்புக்கு டீசல் இல்லை. சுரேஸ்தான் சார்ஜனைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினான். குடித்திருந்தாரா என்று பார்க்க உடலில் இரத்தம் எடுத்து வைத்தார்கள். கொழும்புக்கு அனுப்ப வழியில்லாமல் அது கெட்டுப்போனதாம். வாக்குமூலம் எழுதத் தாள்கூட இல்லை. "அம்மா, கடதாசி கொண்டு வரோணும்," என்று சார்ஜன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மகள் ஜெசிதாவின் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கமாவது வெறுமையாய் இருந்த தாள் இரண்டைக் கிழித்துக்கொண்டு போனாள். அவர் சிங்களத்தில் எழுதினார். அவள் வாசிக்கத் தெரியாமலே கீழே கையெழுத்து வைத்தாள்.

லியோன் குடிவெறியில் குறுக்கே விழுந்தான் என்பது லொறிக்காரனின் கதை. "குடிக்கிறவரா?" என்று சார்ஜன் கேட்டபோது பூசையில் நற்கருணை வாங்குகிற வாயில் பொய் வரவில்லை. "ஓம், குடிக்கிறவர்தான். ஆனால் யாகப்பர் கோயிலிலை கொடியேறினால் பெருநாள் முடியுமட்டும் தொடமாட்டார்," என்றாள். சார்ஜனுக்கு எவ்வளவு விளங்கியதோ, தலையை ஆட்டினார். அவர் பேனை ஒரு வரிக்குமேல் ஓடியதாக அவள் இருந்த பக்கத்துக்குத் தெரியவில்லை. முதற்பாதியை மட்டும் எழுதியிருந்தால்? செத்த மனிசனைத் தன் வாயாலேயே குடிகாரனாக்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாளா? இத்தனை வருடமும் மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

லூர்த்தம்மா சாட்சிக் கூண்டில் ஏறியதும் லொறிக்காரனின் சட்டத்தரணி செபநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார்.

"உங்கடை கணவர் குடிக்கிறவர் எண்டு பொலிசுக்குச் சொன்னனீங்களோ, அம்மா?"

"ஓம்."

பின் வரிசை வாங்கிலில் இருந்த சுரேஸ் 'ச்சிக்' என்று நாக்கை அடித்தது அவளுக்குக் கேட்டது.

"எனக்கு அது போதும்," என்று அவர் உட்காரப்போனார். நீதவான் இளம் பெண். "எனக்குப் போதாது," என்றார். "மிஸ், வாக்குமூலத்தை முழுக்க வாசியுங்கோ."

கஜந்தினி எழுந்து சிங்களத்தைத் தமிழாக்கி மெல்ல வாசித்தார். "'எனது கணவர் மதுபானம் அருந்தும் பழக்கமுடையவர்.'" அதோடு பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினார். முழித்தார்.

"என்ன?" என்றார் நீதவான்.

"பின்னக் கணக்கு, மடம். எல்லாம் சரி போட்டிருக்கு."

யாரோ சிரித்தார்கள். லூர்த்தம்மா கூண்டின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். கஜந்தினி மற்றத் தாளைப் பார்த்தார். அதில் மேலிருந்து கீழ்வரை வேறு விஷயம். திரும்ப முதல் தாளை எடுத்து, கழுத்தைச் சரித்து, தாளையும் சரித்தார்.

"தாளிலை கீறின கோட்டுக்கு வெளியிலை, ஓரத்திலை எழுதியிருக்கு, மடம். இடம் காணேல்லைப் போல. 'ஆயினும் யாகப்பர் கோயிலில் கொடி ஏறிய நாளிலிருந்து பெருநாள் முடியும்வரை அவர் மது தொடுவதில்லை. அன்று கொடியேறி நான்காம் நாள். முதல்நாள் இரவு கஞ்சி குடித்து, செபமாலை சொல்லிப் படுத்தார். அவருடைய சைக்கிளுக்கு மணி இல்லை. ஓய், ஓய் என்று வாயால் சத்தமிட்டுக்கொண்டு போவார்.'"

மணியில்லாத சைக்கிளின் கதையைச் சொன்னது அவளுக்கே மறந்துபோயிருந்தது. பாஷை சரியாய்த் தெரியாத ஒரு மனிசன், தாள் முடிந்த பிறகும், எறும்பு எழுத்தில் ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறான். கூண்டின் சட்டத்தில் நெற்றியை வைத்தாள். நீதவான் அவளுக்கு இருக்கக் கதிரை கொடுக்கச் சொன்னார். செபநாயகம் கண்ணாடியை இறக்கிவிட்டு வேறு கேள்வி இல்லை என்றார். அடுத்த தவணை புரட்டாதியில், லொறிக்காரனின் சாட்சியம்.

"இதையோ இவ்வளவு காலமும் வயித்துக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?" வெளியில் வந்ததும் சுரேஸ் கேட்டான். "எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உனக்குச் சொன்னால் கரையூர் முழுக்கக் கதைச்சிருப்பாய்."

"அது உண்மைதான்," என்றான். தன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டே, "அந்த சார்ஜன் மாத்தலாகி மாத்தறைப் பக்கம் போட்டாராம்," என்றான்.

"பேர் என்ன?"

"கேக்கேல்லை, மச்சாள். கரியரிலை ஏத்தினது, நல்ல பாரம். அவ்வளவுதான் தெரியும்."

மதிலோரம் வழக்குச் சாமான்கள் குவிந்து கிடந்தன. பதினொரு தவணையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த இடம். இன்றைக்கு அவள் நின்றாள். முன்சில்லு நெளிந்த லியோனின் சைக்கிள் கைப்பிடியில், மணி இருக்கவேண்டிய இடத்தில், வழக்கு இலக்கம் எழுதிய மட்டை கம்பியால் கட்டியிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தாள். வெயிலில் இரும்பு சுட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

நீதிமன்ற வாசல் படலையடியில் சனம் முட்டி நின்றது. தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்த சுரேஸ், மணியை அடிக்காமல், "ஓய், ஓய்," என்றான்.