கடைசி ஸ்டாப்பிங்

மேகலா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு மருந்து வேன் வருகிறது. கால் தரையில் பாவவில்லை. கட்டிலில் அவள் புருஷன் கனகராஜ் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடையில் கேன்சர். படுத்தால் வலி உயிரைப் பிடுங்கும். படுத்துத் தூங்கி நாற்பது நாள் ஆயிற்று. கடைசியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பஸ் குலுங்கிய குலுக்கலில், "செத்தாலும் இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து தருகிறவர்கள் இருக்கிறார்களாம். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்காக மாதனூர் பக்கம் வர முடியாதாம். விடுவாளா மேகலா? ஷூ கம்பெனி பஸ்ஸில் சீட் சீட்டாகப் போய், வீட்டில் இப்படி வலியோடு யாராவது உண்டா என்று கேட்டாள். அடேயப்பா, அவள் வீட்டோடு சேர்த்து ஒரே பஸ்ஸில் ஆறு வீடு! தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருகிறவர்கள், ஒருத்தியும் வாயைத் திறந்ததில்லை. காலை பஸ் ஆள் ஏற்றுகிற வரிசையிலேயே ஆறு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் புத்தி பிசகியது. அவள் ஊர்தான் கடைசி ஸ்டாப்பிங். வேனும் அதே வரிசையில் வரும் என்று யார் கண்டது?

பத்து மணிக்கு முதல் ஸ்டாப்பிங் ஜஹீதா போன் செய்தாள். "மேகலாக்கா, வந்துட்டாங்க. டாக்டரே வந்துகிறாரு."

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அவள்தான். "மாமியாருக்கு வலி கம்மியாயிடுச்சுக்கா. கஞ்சி கேக்குறாங்க."

மேகலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷனும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள். கனகராஜ் பாதி வாயால் கேட்டான்: "நம்மகிட்ட வர்றப்போ மருந்து மீதி இருக்குமா?"

இதை அவள் யோசிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு வேன் வந்தது. நர்ஸ் ஆரோக்கியமேரி இறங்குவதற்குள் மேகலா கதவைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து இருக்குதா சிஸ்டர்?"

"உங்க வூட்டுக்காரர் பேரு போட்டு தனியா வெச்சிருக்கேன். வாங்க."

டாக்டர் பார்த்தார். மருந்தைக் கடைவாயோரம் மெதுவாக விட்டார்கள். "வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க, மணி பார்த்துக் குடுங்க" என்று சிஸ்டர் இரண்டு தடவை சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து மேகலா தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கனகராஜ் ஒருக்களித்துக் காலை நீட்டினான்.

போன் அடித்தது. மற்ற ஐந்து பேரும் ஒரே லைனில் இருந்தார்கள். "இன்னாக்கா ஆச்சு? சொல்லுக்கா."

மேகலா குனிந்து, கனகராஜின் குறட்டைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாள்.