வேலையில்லாத எட்டுப் பேர் தேவை

பதினாலாம் பக்கம் வரை விண்ணப்பப் பாரத்தில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா? இருந்தது. கழிவறையில் பிடித்து எழக் கம்பி இருக்கிறதா? இருந்தது. மையத்தின் நோக்கத்தை நாற்பது சொற்களில் எழுதுக. எழுதி எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு வந்தது. இரண்டு இடத்தில் 'மிகவும்' சேர்த்துச் சரிக்கட்டினேன்.

பதினைந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான். அதிகாரி சோதனைக்கு வரும் நாளில், வேலை தேடும் நிலையிலுள்ள மாற்றுத்திறனாளிகள் குறைந்தது எட்டுப் பேர் மையத்தில் நேரில் இருப்பார்களா?

என்னிடம் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் வேலை இருந்தது.

பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள் நான். தோட்டம் கைமாறி ஆபீஸ் சிரம்பானுக்குப் போனபோது, பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக்கிடந்த ஆயாக்கொட்டகையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, உடல் ஊனமுற்ற தோட்டத்து ஆட்களுக்காக முதலாளிமாருக்குப் போன் போடத் தொடங்கினேன். மையம் என்பது அவ்வளவுதான். வலது கையை மணிக்கட்டோடு இழந்த சன்னாசி இப்போது செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் தராசைப் பார்த்துக்கொள்கிறான். காது கேளாத சசிதரன் லோபாக்கில் டயர் கடையில் இருக்கிறான். பிறவியிலேயே கண் தெரியாத மயிலம்மாள், ராசாவில் ஹோட்டல் துணி வெளுக்கும் ஒரு கம்பெனியில் துண்டு மடிக்கிறாள். அவளுக்கு அந்த வேலை கிடைக்க நான் பதினாலு மாதம் போன் போட்டேன். இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன் என்பது எனக்கே தெரியும்.

அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் பெவர்லிதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தாள்.

"ஆண்ட்டி, ஹெட் ஆபீஸ்ல ரூல் மாத்திட்டாங்க. சென்டர் மூலமா எடுத்த ஆளுங்கன்னா, அந்த சென்டருக்கு அப்ரூவல் இருக்கணுமாம். இல்லன்னா கான்ட்ராக்ட் ரினியூ இல்ல. மயிலுக்கு அடுத்த மாசம் முடியுது லா."

"அவ வேலையில ஏதாச்சும் கொறையா?"

"ஐயோ, அவதான் என் லைன்லயே பெஸ்ட். அதெல்லாம் பாரத்துல கேக்க மாட்டாங்க."

அதனால்தான் பாரம் நிரப்பினேன் என்று சொன்னால் பாதி உண்மை. வாசலுக்கு மேலே பலகை மாட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்று மாலையே சாண் வைத்து அளந்தேன். 'அங்கீகரிக்கப்பட்ட' என்பது நீளமான சொல். ஒரே வரியில் வராது என்று கவலைப்பட்டேன். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுடைய வருகையையும் வேலையையும் பதிந்து முத்திரை குத்தியவள் நான். என்மேல் யாரும் ஒரு முத்திரை வைத்ததில்லை. மயிலம்மாளின் வேலை அந்த ஆசைக்கு நல்ல மறைவாக அமைந்தது.

அப்ரூவல் தரும் இலாகாவில் எங்கள் பாரத்தைப் பார்க்கும் அதிகாரி ஹேமநாதன் மரியாதையான மனிதர். போனில் பொறுமையாக விளக்கினார்.

"வேலை கெடச்சவங்க சேவை முடிஞ்சவங்க மேடம். அவங்கள எண்ண முடியாது."

"வேலை வாங்கிக் குடுக்குறதுதானே சார் சேவை?"

"கரெக்ட். ஆனா சேவை நடக்குறத நான் பாக்கணும்ல? நீங்க ஏற்கனவே குடுத்து முடிச்சிட்டீங்க."

"அப்ப வேலை இல்லாதவங்க எட்டுப் பேரு வேணும்."

"சரியாப் புடிச்சிட்டீங்க. எத்தனையோ சென்டருக்கு இது லேசா வந்துருது. ஒரு ஆளுக்குக்கூட வேலை கெடைக்காம அறுபது பேர் வச்சிருக்காங்க ஒரு எடத்துல. போன மாசம்தான் அப்ரூவ் பண்ணினேன். ரொம்ப ஆக்டிவ்."

பக்கத்து வீட்டு அர்ச்சுனனிடம் சொன்னேன். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர், சும்மா இருக்க முடியாமல் மையத்தில் நாற்காலி துடைப்பவர். அவர் சிரித்தார்.

"இது என்னா கிராணியம்மா பெரிய விசயம்? பெரட்டுக்கு ஆள் கொறஞ்சா என்னா செய்வோம்? மறந்துட்டீங்களா?"

பெரட்டு என்பது காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. கம்பெனியிலிருந்து பெரிய துரை வரும் நாளில் ஆள் குறைந்தால், அடுத்த டிவிஷனிலிருந்து இரவல் வாங்கி வரிசையை நிரப்புவார்கள். துரை அந்த டிவிஷனுக்குப் போவதற்குள் அந்த ஆட்கள் குறுக்குப் பாதையில் ஓடி அங்கே நிற்பார்கள். அந்தக் கணக்கையெல்லாம் எழுதியவள் நான்தான்.

"இரவல் எதுக்கு? நம்ம ஆளுங்களே இருக்காங்க. ஒரு காலையில வந்து வேலை இல்லாதவங்களா உக்காந்துட்டுப் போகட்டும்," என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது!

ஏழு பேர் முதலாளியிடம் சொல்லி அரை நாள் வாங்கிக்கொண்டார்கள். மயிலம்மாளுக்கு மட்டும் லீவு மிச்சமில்லை. அம்மாவின் ஆபரேஷனுக்கு எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

"எம்.சி. போட்டுட்டு வா மயிலு. டாக்டர்கிட்ட தலைவலின்னு சொல்லி லெட்டர் வாங்கிக்கோ."

"மூணு வருசத்துல நான் ஒரு எம்.சி. போட்டது இல்லக்கா."

"அதான். ஒண்ணு போட்டா யாரு என்ன சொல்லப் போறா?"



"மத்தவங்க எம்.சி. போட்டா வயித்து வலி. நான் போட்டா கண்ணு தெரியாதவ, பாவம், முடியலன்னு ஆயிரும். அதுவும் ரினியூ நேரத்துல."

"உன் ரினியூவுக்குத்தான்மா இவ்வளவும் செய்றேன். ஒரே ஒரு நாள்."

"நீங்க வாங்கிக் குடுத்த வேலை. நீங்க சொன்னா வரேன்."

சரி என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். என் காதில் அந்த ஒரு வாக்கியம்தான் ஓடியது. நீங்க வாங்கிக் குடுத்த வேலை. மூன்று வருடமாக அதைத்தான் அவளிடம் நான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கடைசியில் அவளே சொல்லிவிட்டாள். நான் அந்த வாக்கியத்தைப் பிடித்து இழுத்திருக்கிறேன், நூல் கட்டிய பொம்மையை நகர்த்துவதுபோல. ஒரு நாள் அவள் துண்டு மடிக்காவிட்டால், எனக்கு ஒரு பலகை.

திங்கள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

"மயிலு, நீ வர வேணாம். வேலைக்குப் போ."

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள் உடனே. "நான் வரதா இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

தழுதழுத்த குரலை என்ன செய்வதென்று தெரியாமல் போனை வைத்தேன்.

செவ்வாய் காலை ஆயாக்கொட்டகையில் எட்டு நாற்காலி, எட்டு ஆள். எட்டாவது நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைத்தடியைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்தபடி பக்கத்து டிவிஷன் மணியம் உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் விசிறியின் வேகத்தைச் சரிசெய்வதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவும் ஒரு பதில்தான்.

ஹேமநாதன் காடியைச் செம்பனை நிழலில் நிறுத்திவிட்டு வந்தார். சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். கழிவறைக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த மையத்தின் நோக்கத்தை வாசித்து, "மிகவும் நல்லா இருக்கு," என்றார். எல்லாவற்றுக்கும் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு தட்டு.

"சரி, இப்ப ஆளுங்கள எண்ணிரலாமா?"

"நான் கூப்பிடுறேன் துவான்!" என்று அர்ச்சுனன் முன்னால் வந்தார். பத்து வருடமாக யாரும் அவரைப் பெயர் கூப்பிடச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, காட்டுக்கே கேட்கிற மாதிரி, "சன்னாசி!" என்றார்.

பெரட்டில் பெயர் கூப்பிட்டால் 'வந்தேன்' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எங்கே என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். அப்போதுதான் மண்டோர் அடுத்த பெயருக்குப் போவார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் விழித்தவர்கள் இவர்கள் என்பதை நானும் மறந்துபோனேன், அர்ச்சுனனும் மறந்துபோனார்.

சன்னாசி துள்ளி எழுந்தான். "வந்தேன் மண்டோரே! ஆலை, லோரித் தராசு!"

ஹேமநாதனின் விரல் அந்தரத்தில் நின்றது. அர்ச்சுனனுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. வாய் தானாக அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

"சசிதரன்!"

சசிதரனுக்குக் கேட்கவில்லை. சன்னாசி முழங்கையால் இடித்தான். எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்துச் சிரித்து, சட்டையில் அச்சடித்திருந்த டயர் கடைப் பெயரை விரலால் தட்டிக் காட்டினான். கடைச் சட்டையில் வந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அடுத்த ஐந்து பேரும் வரிசையாக, கொஞ்சம் பெருமையாகவே, தங்கள் வேலையைச் சொன்னார்கள். கூட்டுறவுக் கடை, தையல், கோழிப் பண்ணை. ஒருத்தி பதவி உயர்வு கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

"மணியம்!"

மணியம் கறுப்புக் கண்ணாடியோடு விறைப்பாக எழுந்தார். "வந்தேன்! லோரி டிரைவர்!"



"இவரு... லோரி ஓட்றாரா?" என்றார் ஹேமநாதன்.

"பகல்ல மட்டும் துவான்," என்றார் அர்ச்சுனன்.

சன்னாசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு, எதிர்பாராத விதமாக, ஒரு நிம்மதியும். பொய் சொல்லும் அளவுக்கு இவர்கள் என்னிடம் கடன்பட்டிருக்கவில்லை.

ஹேமநாதன் கோபப்படவில்லை. வடையும் தேத்தண்ணியும் சாப்பிட்டுவிட்டு, உண்மையான அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்.

"நான் என்னா செய்றது மேடம்? எல்லாரும் வேலையில இருக்காங்க. 'சேவைக்குத் தேவை காணப்படவில்லை'ன்னுதான் போட முடியும். மனசு விட்டுறாதீங்க. அந்தக் கண்ணு தெரியாத பொண்ணு ஒண்ணு சொன்னீங்கள்ல? அவளுக்கு ரினியூ ஆகலன்னா, ஒரு ஆளு ரெடி. மத்தவங்களுக்கும் அப்படியே ஏதாச்சும் ஆச்சுன்னா, அடுத்த வருசம் உங்க அப்ளிகேசன் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் ராசாவுக்குப் பஸ் ஏறினேன். மயிலம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டும். வழியெல்லாம் மன்னிப்பை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பதினாலு மாதம் எங்காவது நுழைந்துவிட்டது. எடுத்துப் போட்டால் வாக்கியம் நிற்கவில்லை.

கேண்டீனில் அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க. அப்ரூவல் கெடைக்கலயாம்ல? சன்னாசி அண்ணன் போன் பண்ணிச்சு. லோரி டிரைவர் கதையச் சொல்லி அது சிரிக்க, நான் சிரிக்க..."

"மயிலு, உன் வேலைக்கு நான் பெவர்லிகிட்ட..."

"ரினியூ ஆயிருச்சுக்கா."

"எப்படி?"

"நேத்து பெவர்லிகிட்ட கேட்டேன். சென்டர் மூலமா வந்தாதானே இந்த ரூலு? நானே நேரா அப்ளை பண்ணா? அவ ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டா. நேரா வரவங்களுக்கு ரூலே இல்லயாம் லா. அஞ்சு நிமிசத்துல பாரம் முடிஞ்சுது."

நேற்று. அவள் ஆயாக்கொட்டகையில் வேலையில்லாதவளாக உட்கார்ந்திருக்க வேண்டிய காலை.

"நல்லதும்மா," என்றேன். நிஜமாகவே நல்லதுதான்.

"ஒண்ணுதான் பாக்கி. பழைய ரெக்கார்டுல உங்க பேரு இருக்கு. எனக்கும் உங்க சென்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு நீங்க ஒரு லெட்டர் குடுக்கணுமாம்."

பெவர்லி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். "அடிச்சு எழுதாதீங்க ஆண்ட்டி. அடிச்சா ஹெட் ஆபீஸ் எடுத்துக்காது."

எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. மயிலம்மாள் என்பவர் எங்கள் மையத்தின் மூலம் வேலைக்கு வரவில்லை. அவருக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் மனம் கேட்கவில்லை. இன்னொரு வரி சேர்த்தேன். பிறகு முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கடைசியில என்னாக்கா அது?"

"'இவர் மிகவும் நேர்மையான, திறமையான உழைப்பாளி.' ஏன், பொய்யா?"

"பொய் இல்ல." ஒரு வாய் சோற்றை மென்று முடித்தாள். "ஆனா தெரியாத ஆள நல்ல உழைப்பாளின்னு எப்படிச் சொல்லுவீங்க?"

பெவர்லியிடம் இன்னொரு தாள் கேட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.